கண்டி நாட்டில் சபை



கண்டி நகரில் தலதா மாளிகையின் அயலிலே செங்கல்லால் எழுந்து நிற்கும் தூய பவுல் ஆலயத்தைக் காட்டி, "அதுதான் கிறிஸ்தவ சபை" என்பார் உளர். பேச்சு வழக்கில் அது பிழையாகாது. விவிலியத்தின் வழக்கோ வேறு.

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியிலே எழுந்தது. சபைக்கு அது வழங்கும் சொல் எக்லேசியா. கிரேக்க நகரங்களில் குடியுரிமை பெற்ற ஆடவர் ஊர்க் காரியங்களைத் தீர்மானிக்கக் கூடிய கூட்டத்துக்கு அதுவே பெயர். அடிமைக்கும் பெண்ணுக்கும் அந்நியனுக்கும் ஆங்கு இடமில்லை. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்திற் பெயர்த்தோர், இஸ்ரவேலர் கடவுள்முன் கூடிய கூட்டத்தையும் இச்சொல்லாற் பல இடங்களில் குறித்தனர். பவுலடிகள் காலத்திலே, பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்னும் கூடாரத் தொழிலாளர் வீட்டிற் கூடிய சிறு கூட்டமும் அப்பெயர் பெற்றது. குடிமக்களுக்கே உரியதாயிருந்த சொல், அடிமையையும் பெண்ணையும் அந்நியனையும் சேர்த்துக்கொண்ட கூட்டத்துக்கு உரியதாயிற்று. புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலேனும் அது கல்லையும் சுண்ணாம்பையும் குறிக்கவில்லை.

கட்டடமின்றிச் சபை நிலைக்குமா? கண்டி நாட்டு வரலாறு இதற்கு விடை கூறுகின்றது. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. கத்தோலிக்கர் பலர் கண்டி அரசரின் ஆட்சிக்குள் புகலடைந்தனர். அவர்களுக்குக் குருவில்லை, பூசையில்லை. பெற்றோர் வாய்மொழியாகக் கற்பித்த செபங்களே எஞ்சின.

1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து ஏழைத் தொழிலாளியின் வேடத்திலே யாழ்ப்பாணம் வந்திறங்கினார். தமிழ் கற்றார், சில்லாலையிலிருந்து பணிசெய்தார், 1692இல் கண்டிக்கு வந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற ஐயத்தினால் சிறைவைக்கப்பட்டார். அங்கே சிங்களமும் பயின்றார். 34 ஆண்டுகள் மேய்ப்பரின்றிக் கிடந்த நாட்டில் கத்தோலிக்கர் இன்னும் இருந்தனர் என்பதே நாம் கருதவேண்டிய செய்தி. பின்னர் அடிகளார் ஊர்தோறும் சென்றபோதும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் கொண்டே சபையை நடத்தினார். அவர் ஓரூரில் இருக்கும்போது ஏனைய ஊர்களில் செபத்தை நடத்தியவர் ஊராரே.

1697இல் கண்டியிலே பெரியம்மை பரவிற்று. அரசரும் பிரபுக்களும் நகர் நீங்கினர், நோயாளர் கைவிடப்பட்டனர். அடிகளாரும் அவருடைய மருமகனார் கர்வாலியோ அடிகளாரும் சமயம் வினவாது அவர்களைப் பேணினர். இரண்டாம் விமலதர்மசூரியன் என்னும் பௌத்த மன்னரின் ஆதரவிலேயே இச்சபை தழைத்தது. இதனைக் கிறிஸ்தவர் நன்றியோடு நினைத்தல் தகும். 1711 ஜனவரி 16ஆம் நாள் அடிகளார் கண்டியில் மறைந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரை அடக்கம் செய்த இடம் இன்று அறியப்படவில்லை.

இனி நம் தமிழ் மக்களின் கதைக்கு வருவோம். கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளரிடையே பணிசெய்ய, 1854இல் ஒரு மிஷன் தொடங்கிற்று. தோட்டத் துரைமாரின் பணமும் திருநெல்வேலி உபதேசியாரின் உழைப்பும் அதனை நடத்தின. அதற்கு இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. அவ்வுபதேசியாரின் தொண்டைக் குறைத்து மதிப்பிட நான் ஒருப்படேன். ஆயினும் அப்பெயர் என் செவிக்கு நாராசமாயிருக்கின்றது. ஒருவனை உடன்பிறந்தானாக அழைக்கப் புகுந்த சபை, அவனைக் கூலியென்றே பதிந்துவைத்தது. கொரிந்து நகரத்திலே செல்வர் முன்னதாக உண்டு வெறிக்க, வறியோர் பசித்திருந்தனர். அது ஆண்டவருடைய பந்தியே அன்று என்று பவுலடிகள் கடிந்தெழுதினார். துரை ஆங்கில ஆராதனையிலும் தொழிலாளி தமிழ் ஆராதனையிலும் தனித்தனியே முழந்தாளிட்ட ஞாயிறுகளை அக்கடிதத்தின் முன் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இத்தொழிலாளரிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1963இல் கண்டிக்கு அண்மையிலுள்ள பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி நிறுவப்பட்டது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த சபைகளின் மாணவர் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே வளவிற் பயிலலாயினர். மறு ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்க்கப்படும் என்று இரு அரசுகளும் மக்களை எண்ணிப் பிரித்தன. ஞானஸ்நானப் பதிவேட்டிலோ குடியுரிமைக்கென ஒரு நிரல் இருந்ததில்லை. அதில் அடுத்தடுத்துப் பெயர் பொறிக்கப்பட்ட அண்ணன் தம்பியருள் ஒருவர் தலைமன்னாரிற் கப்பலேற, மற்றவர் லயத்து வாசலில் நின்றார்.