கரும்பலகையை யார் துடைப்பது?

பாடவேளை முடிந்து வெளியேறும் ஆசிரியர் கரும்பலகையைத் துடைத்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பது பள்ளிகளில் எழுதப்படாத வழக்கம். அவசரத்தில் பலர் (நானும்தான்) அப்படியே விட்டுவிடுவோம். அடுத்து வருபவருக்குப் பலகை தேவைப்பட்டால் அவரே துடைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம்தான். கணினிக்குள்ளும் இதே பழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. அந்த வரலாற்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஒரே செயலி பல நிரல்களை மாறி மாறி இயக்குகிறது. ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கும்போது, முன்னதன் இடைக்கணக்குகள் இருக்கும் பதிவகங்களை நினைவகத்தில் படியெடுத்து வைப்பது கெர்னல் எனப்படும் இயங்குதளக் கருவின் கடமை.

1980-இல் இண்டெல் நிறுவனம் தசமக் கணக்குகளுக்கென்றே 8087 என்னும் துணைச்செயலியை வெளியிட்டது. அதில் 80 பிட் அகலமுள்ள எட்டுப் பதிவகங்கள் இருந்தன. நிரல் மாறும் ஒவ்வொரு முறையும் அவற்றைப் படியெடுப்பது அன்றைய வேகத்திற்குப் பெருஞ்சுமை. பெரும்பாலான நிரல்களோ தசமக் கணக்கின் பக்கமே போவதில்லை. ஆகவே 1982-இல் வந்த 80286 செயலியில் ஓர் ஏற்பாடு செய்தனர். நிரல் மாறியதைக் குறிக்க ஒற்றை பிட். பலகைக்குத் திரை போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய நிரல் தசமக் கணக்கைத் தொட்டால் செயலி கெர்னலை அழைக்கும். அப்போதுதான் கெர்னல் பழையதைப் படியெடுத்து, புதியதை நிரப்பித் திரையை விலக்கும். தொடாவிட்டால் வேலை மிச்சம். இதற்குச் 'சோம்பல் முறை' என்றே பெயர். என்னைக் கேட்டால் அக்காலத்திற்கு அது சோம்பல் அன்று, சிக்கனம்.

காலம் மாறியது. 1999-இல் பென்டியம் 3, 128 பிட் பதிவகங்களோடு வந்தது. எழுத்துகளைப் படியெடுப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கும் நிரல்கள் அவற்றை நாடத் தொடங்கின. எல்லாரும் பலகையில் எழுதுகிறார்கள் என்றால் திரை எதற்கு? அடிக்கடி கெர்னலை அழைப்பதே வீண்செலவாயிற்று. 2016-இல் லினக்ஸ் அம்முறையை முற்றாகக் கைவிட்டது.

கைவிடாதவர்களுக்கும் பழைய கெர்னலோடு இருந்தவர்களுக்கும் 2018 ஜூன் மாதம் அதிர்ச்சி காத்திருந்தது. ஜூலியன் ஸ்டெக்லினா, தாமஸ் பிரெஷர் ஆகியோர் கண்டறிந்த 'லேசி எஃப்பி' என்னும் ஓட்டை அம்மாதம் வெளிப்பட்டது. இண்டெல் செயலிகள் நேரத்தை மிச்சப்படுத்த, அனுமதி உண்டா என்று பார்த்து முடிப்பதற்குள் அடுத்த ஆணைகளை ஊகத்தில் செய்து பார்க்கின்றன. அதாவது, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் 'கூடாது' என்கின்றன! பார்த்ததை மறந்துவிட்டாலும் இடைமாற்று நினைவகத்தில் தடயம் தங்கிவிடுகிறது. எது விரைவாகக் கிடைக்கிறது, எது தாமதமாகிறது என்று அளந்தே மதிப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

திரைக்குப் பின்னால் இருந்தது வெறும் பெருக்கல் வாய்பாடு என்றால் கவலையில்லை. 2010 முதல் இண்டெல் செயலிகளில் இடம்பெற்ற மறையாக்க ஆணைகள் இரகசியத் திறவுகோல்களை இதே பதிவகங்களில்தான் வைக்கின்றன. ஒரு நிரலின் திறவுகோலை மற்றொரு நிரல் படித்துவிடக்கூடும். ஓட்டை முறைப்படி வெளியாகுமுன், தியோ டி ராட் ஆற்றிய உரையைக் கேட்ட காலின் பெர்சிவல், ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் அதைப் பயன்படுத்தும் நிரலையே எழுதிவிட்டார்.

லினக்ஸின் புதிய கெர்னல்கள் தப்பின. வேகத்திற்காகச் செய்த மாற்றம் அது. பாதுகாப்பை எண்ணிச் செய்ததன்று. 1982-இன் அந்த ஒற்றை பிட் அதன் பிறகும் இண்டெல் செயலிகளில் தொடர்ந்து வருகிறது.