தரம் விழுந்த கதை

'அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இந்தக் காலத்து எம்.ஏ.வுக்குச் சமம்' என்று பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் சொல்லும்போது நாமும் தலையாட்டிவிடுகிறோம். அந்த வகுப்பறையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பதில்லை. 1951இல் இந்தியாவில் எழுத்தறிந்தோர் 18 சதவீதத்துக்குச் சற்று மேல். அதிலும் பள்ளியிறுதிவரை வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரையும் இன்றைய வகுப்பறை முழுவதையும் ஒரே தராசில் நிறுத்துவதில்தான் 'தரவீழ்ச்சி' என்னும் சொல்லாடலின் சூது இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் பார்ப்பனர்கள். 1913இல் ராயல் கமிஷன் முன்பு அலெக்சாண்டர் கார்டியூ சொன்ன கணக்கு இது. மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 3 சதவீதம். அந்தப் பதினைந்துக்குப் பெயர் தகுதி. நீதிக்கட்சி அரசு 1921இல் போட்ட வகுப்புவாரி ஆணை, 1920களின் இறுதியில் முத்தையா முதலியார் முயற்சியால் நடைமுறைக்கு வந்ததும் தகுதிக்கு ஆபத்து வந்துவிட்டது.

1950இல் விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. அப்போதிருந்த ஆணைப்படி 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, 'அரிசனங்களுக்கு' (ஆணையில் உள்ள சொல்) 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவருக்குச் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1, பிராமணர்களுக்கு 2. ஜனத்தொகையில் தங்கள் விகிதத்தைப்போல் நாலு மடங்குக்கு மேல் கிடைத்தும் அநீதி என்றார்கள்! மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விசாரித்துப் பார்த்ததாகத்தான் அவருடைய பிரமாணப் பத்திரம் சொல்கிறது. 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ஆணையைச் செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

எதுவுமே கெடவில்லை என்று நான் சாதிக்கவில்லை. நோட்ஸை மனப்பாடம் பண்ணி வாந்தியெடுக்கிற படிப்பு நம் கண்முன்னே நடக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒரு பத்தி வாசிக்கத் திணறுகிறான், வாஸ்தவம். ஆனால் அவன் தாத்தா பள்ளிக்கூட வாசலையே மிதித்திருக்கமாட்டாரே, ஒப்பிடுறதானா அவரோடு அல்லவா ஒப்பிடணும்? வேறு யாருடைய தாத்தாவோடோ ஏன் ஒப்பிடுகிறோம்?

தரத்தைக் காப்பாற்ற என்று சொல்லித்தான் 2017இல் தமிழ்நாட்டுக்கு நீட் வந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கியபோது மறுபடி அதே முணுமுணுப்பு. 2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவ நீட் தேர்வின் தகுதி எல்லை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைலாக இறக்கப்பட்டது. காலி இடங்கள் நிரம்பணும், அவ்வளவுதான். தேர்வு எழுதிய அத்தனை பேரும் தகுதி பெற்றார்கள். தனியார் கல்லூரியில் சேர மேற்கொண்டு வேண்டியிருந்தது கட்டணம் கட்டப் பணம்.