ஹைகோர்ட்டு மாளிகையும் கைவினையாளரும்

நீதி வேண்டிச் சென்னை செல்வது காஞ்சி மாநகரத்தார்க்குப் பழைய வழக்கமாகும். நம் ஊர்த் தேவராஜஸ்வாமி கோயில் விவகாரங்களும் அங்குள்ள ஹைகோர்ட்டு வரை சென்றன. அங்ஙனம் செல்வோர் அண்ணாந்து நோக்கும் அச்செந்நிற மாளிகையின் சரித்திரத்தை நம்மவர் அறிதல் நன்று.

ஹைகோர்ட்டு ஏற்பட்டது 1862-ஆம் ஆண்டில். ஆயினும், முப்பதாண்டுக் காலம் அதற்கெனக் கட்டிய மாளிகை இல்லை. கடற்கரைச் சாலையிலிருந்த பெண்டிங்க் கட்டடத்திலேயே நியாயாதிபதிகள் வீற்றிருந்தனர். புதிய மாளிகைக்குப் பிராசிங்டன் துரை படம் வகுத்தார். ஹென்றி இர்வின் துரை, ஸ்டீபன்ஸ் துரையின் துணையுடன் அதனை முடித்தார். 1888-இல் தொடங்கிய வேலை நிறைவெய்தி, 1892 ஜூலை 12-இல் மாளிகை திறக்கப்பெற்றது. முதல் மதிப்பு ரூ.9,45,000, ஆன செலவோ ரூ.12,98,163. 1894 முதல் 1977 வரை அதன் ஸ்தூபியே கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் நின்றது.

இதனைத் துரைமார் கட்டினர் என்பாருளர். அது முற்றும் பொருந்தாது. கட்டும் பொறுப்பை ஏற்ற கண்டிராக்டர் நம்பெருமாள் செட்டியார் நம் நாட்டவர். இரும்பு உத்திரங்கள் சிலவும் அலங்கார ஓடுகள் சிலவும் நீங்கலாக, ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் இங்கே கிடைத்தவையே. செங்கல்லும் சுடுமண் உறுப்புக்களும் சர்க்கார் சூளைகளினின்று வந்தன. சித்திர வேலையிற் பெரும்பகுதியைச் சென்னைக் கலைத்தொழிற் பள்ளி மாணாக்கர் இயற்றினர்.

படம் வகுத்தவர் பெயரும் பணம் செலவான கணக்கும் ஏட்டில் நின்றன. சாரத்தின் மீதேறிச் செங்கல் அடுக்கிய கொத்தர், முதலாம் கோர்ட்டின் கதவுகளை இழைத்த தச்சர் ஆகியோர் பெயரைச் சொல்வார் யார்? நம் கைலாசநாதர் கோயிலிலும் இராஜசிம்ம பல்லவனுடைய விருதுப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் பொறிக்கப்பட்டுள்ளன; உளிபிடித்தவர் பெயரை ஊரார் சொல்லக் கேட்டிலோம்.

தறியை நம்பி வாழும் நமக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஊரின் பெயர் காக்கப்பட்டது. கோர்வையிட்டுக் கரை சேர்த்தவர் பெயரோ சேலையோடு செல்வதில்லை. ஆதலின், ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் பாட்டனார், பாட்டியார் பெயரையும், அவர் நெய்த கரை, புட்டா வகைகளையும், முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதிச் சங்கத்திற்கு அனுப்புவாராக. நாம் எழுதாவிடின் நமக்காகப் பிறர் எழுதார்.