ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் உடம்பில் உள்ள நோயும்: லூபஸ் பற்றிக் கொஞ்சம் வரலாறு



இரத்தப் பரிசோதனைத் தாளைப் படமெடுத்து அனுப்பி, "சேர், ஏ.என்.ஏ. பொசிட்டிவ் எண்டு கிடக்குது, பிள்ளைக்கு லூபஸோ?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் வைத்தியர் இல்லை, படிப்பிக்கிறவன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

பிறபொருளெதிரி பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடிக்க உடம்பு செய்கிற புரதம் அது. லூபஸில் அது எங்கள் சொந்தக் கலங்களின் கருவையே பிடிக்கிறது. வேலியே பயிரை மேய்வது போல. இந்த நோய் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

முகத்தில் சிவப்பு, மூட்டு நோ, விடாத காய்ச்சல் என்று வெளியே தெரிவதை வைத்தே முன்பு இதைக் கண்டுபிடித்தார்கள். 1948 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் என்ற வைத்தியரும் கூட நின்றவர்களும் நோயாளிகளின் என்பு மச்சையை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஒரு வெண்கலம் இன்னொரு கலத்தின் கருவை விழுங்கி வைத்திருந்தது. 1957 இல் டி.என்.ஏ.க்கு எதிரான பிறபொருளெதிரியையும் சில ஆய்வுகூடங்கள் கண்டுபிடித்தன. பிறகு அதை அளக்கவும் பழகிக்கொண்டார்கள்.

அளக்க முடிந்ததும் ஒரு எண்ணம் வேரூன்றியது: எண் ஏறினால் நோய் ஏறும், இறங்கினால் இறங்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வாழ்கிற ரொறன்ரோவில், கிளாட்மன் என்ற வைத்தியரின் குழு 1979 இல் வேறு மாதிரியான நோயாளிகளைப் பற்றி எழுதியது. இரத்தத்தில் எண் உயர்ந்தபடி இருக்கிறது, ஆள் சுகமாக நடமாடுகிறார்! இப்படியானவர்களுக்கு எண்ணுக்காக மட்டும் மருந்தைக் கூட்டாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பதே இன்றும் வழக்கம்.

அதற்காக அந்த எண் வீண் என்று நினைக்காதீர்கள். 1995 இல் நெதர்லாந்தில், டி.என்.ஏ. எதிரியின் அளவு ஏறிய உடனேயே சிலருக்கு ஸ்டீரொயிட் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்புவது குறைந்தது. ஆனால் எண் ஏறிய எல்லோருக்கும் நோய் கிளம்புவதில்லை. ஸ்டீரொயிட் எலும்பையும் சீனியையும் என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும்தானே.

2003 இல் வந்த ஆய்வுதான் என்னை யோசிக்க வைத்தது. அமெரிக்க இராணுவம் தன் ஆட்களின் இரத்தத்தைச் சேமித்து வைத்திருந்தது. அதில் பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். 115 பேருக்கு, நோய் கண்டுபிடிக்க முன்பே இப்படியான பிறபொருளெதிரிகள் இருந்திருக்கின்றன. ஒருவருக்கு ஒன்பது வருடத்துக்கும் மேல் முன்பாகவே! மறுபக்கம், 1997 இல் வந்த இன்னொரு ஆய்வில், 1:80 என்ற அளவில் பார்த்தால் சுகதேகிகளிலேயே நூற்றுக்கு 13 பேருக்கு ஏ.என்.ஏ. பொசிட்டிவ். அவர்களில் அநேகருக்கு லூபஸ் வரப்போவதில்லை. ஆகவே தாளில் பொசிட்டிவ் என்று கண்டதும் பிள்ளையின் கலியாணப் பேச்சை நிறுத்தாதீர்கள்.

இனி எங்கள் வன்னிக் கதைக்கு வருவோம். மலேரியாக் குளிசையின் கசப்பு இங்கே மூத்தவர்களின் நாக்கில் இன்னும் இருக்கும். 1951 இல் லண்டனில் பேஜ் என்ற வைத்தியர் மெபாக்ரின் என்ற மலேரியா மருந்தை லூபஸ்காரருக்குக் கொடுத்துப் பார்த்தார், தோல் ஆறியது. அந்த வழியில் வந்ததுதான் குளோரோகுயினின் உறவான ஹைட்ரொக்சிகுளோரோகுயின். 2016 இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. குளிசைக்கு இன்னும் வேலை முடியவில்லை.

"ரிப்போர்ட் நல்லம், நோவும் இல்லை" என்று அந்தக் குளிசையை நிறுத்துகிறவர்கள் இதைக் கேளுங்கள். கனடாவில் நோய் அடங்கியிருந்த 47 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு அதே குளிசை, மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. ஆறு மாதத்தில், மருந்து நின்றவர்களுக்கு நோய் கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. 1991 இல் வெளிவந்த முடிவு இது.

சிறுநீரகம் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் சிறுநீரக வருத்தம் என்றாலே கிணற்றுத் தண்ணீரைத்தான் குற்றம் சொல்வோம். லூபஸும் சிறுநீரகத்தைத் தாக்கும், பல நேரம் நோவே இராது. சலத்தில் புரதம் போவதைப் பரிசோதித்தால்தான் தெரியும். கிளினிக்கில் சலப் போத்தல் தந்தால் கூச்சப்படாமல் கொடுங்கள். கால் வீங்கினாலோ, சலம் நுரைத்தாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். குளிசையைப் பல வருடம் எடுக்கிறவர்கள் கண் பரிசோதனைக்கும் திகதி கேட்டு வையுங்கள்.