கோயில் இல்லாத காலத்துக் கோணேசர்

திருக்கோணமலையிலே, கடலுக்குள் நீண்டு செங்குத்தாக எழுந்து நிற்கும் சுவாமிமலையின் உச்சியில் கோணேசப் பெருமான் மாதுமையாளுடன் எழுந்தருளியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்த சுவாமிகள் இத்தலத்தின்மீது ஒரு பதிகம் அருளினார். அதனைப் படிக்குந்தோறும் ஒன்று மனத்திற் படும். கோபுரத்தையும் மதிலையும் காட்டிலும், ஒலிக்கின்ற கடலும் அது கரையிலே கொண்டுவந்து கொழிக்கும் முத்துக்களுமே அங்கே மிகுதியாகப் பேசப்படுகின்றன. பிற்காலத்தில் கோபுரமும் மதிலும் போயின, கடல் எஞ்சியது. அவ்விடைக்காலத்து வரலாற்றையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மிகப் பழைய தலம் இது. மகாசேன மன்னன் கோகர்ணத்திலிருந்த தேவாலயத்தை அழித்து விகாரை எடுப்பித்தான் என்று மகாவம்சம் கூறும். அது சிவலிங்கம் இருந்த கோயில் என்பது அந்நூலின் உரைகாரர் கருத்து. கோகர்ணம் என்பது திருக்கோணமலையே என அறிஞர் பலர் கொள்வர். ஆயினும் சம்பந்தர் காலத்திலே கோயில் பொலிவுடன் விளங்கிற்று. குளக்கோட்டன் செய்த திருப்பணிகளையும், கோயிற்றொழும்புக்கு உரியார் இன்னார், அவர்க்குரிய கடமை இன்னது என்பதையும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் விரித்துரைக்கிறது.

பேரழிவு 1622-ஆம் ஆண்டில் நேர்ந்தது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினு டி சா அவ்வாண்டிலே கோயிலைத் தகர்த்தான். சித்திரைப் புத்தாண்டு நாளிலே சுவாமி ஊர்வலமாக வெளியே எழுந்தருளியிருந்த வேளை பார்த்து, அந்தணர் வேடம் பூண்ட போர்வீரர் உள்ளே புகுந்தனர் என்பது செவிவழி மரபு. குன்றிலே மூன்று கோயில்கள் இருந்தன என்பதைப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோசின் வரலாற்று நூலாலே அறிகிறோம். இடிப்பித்தவர்களே அவற்றைப் படமாக வரைந்து தங்கள் நாட்டுக்கு அனுப்பியும் வைத்தார்கள். அழித்தவன் கையினாலேயே ஆவணமும் எஞ்சியது விந்தைதான்!

கோயிற் கற்கள் கோட்டைச் சுவராயின. அக்கோட்டையை 1639-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். பிரட்றிக் கோட்டை என்னும் பெயர் 1803-இலே வந்தது. அடியார் காப்பாற்றிய திருவுருவங்களை வைத்துத் தம்பலகாமத்திலே ஆதி கோணேசர் கோயில் எழுந்தது என்பர்.

ஆனால் குன்றை மக்கள் கைவிட்டார்களா? இல்லை. 1859-இலே இலங்கையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ற், குன்றின் விளிம்பிலே தாம் அறிந்த வழிபாட்டைக் குறித்திருக்கிறார். மாலைப் பொழுதிலே அந்தணர் ஒருவர் பாறையின் ஓரத்திற்கு இறங்கி, கீழே ஆர்ப்பரிக்கும் கடலை நோக்கித் தேங்காய் உடைத்து, கற்பூரங் காட்டி, காணிக்கைகளை அலைகளிலே இடுவாராம். மூலத்தானம் இல்லை, மண்டபம் இல்லை, கொடிமரம் இல்லை. சுற்றிலும் பிறநாட்டார் படை. அந்நிலையிலும் பூசை நடந்தது. ஆகம விதி நோக்குவோர் இதனைக் குறையுடைய வழிபாடு என்னலாம். எனக்கோ, அத்தலத்தின் வரலாற்றிலே இதனினும் பெரிய செய்தி வேறு தோன்றவில்லை. மன்னர் திருப்பணிக்குக் கல்வெட்டு உண்டு. பெயர் தெரியாத அந்த அந்தணருக்கும் அவருடன் நின்றாருக்கும் ஒரு வேற்றுநாட்டாரின் நூலிலே சில வரிகளே உண்டு.

பின்பு நிலமும் நீரும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பித் தந்தன. 1950-ஆம் ஆண்டிலே, குன்றுக்கு அணித்தாக நகரசபையார் கிணறு தோண்டுவிக்கையில், மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. இடிக்க வருவார்க்கு அஞ்சி எவரோ புதைத்து வைத்தவை அவை எனக் கருதப்படுகிறது. அவற்றை ஊர்கள்தோறும் ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். 1956-இலே ஆதர் கிளார்க்கும் மைக் வில்சனும் கடலுள் மூழ்கி, பழங்கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் அடித்தளத்திலே சிதறிக் கிடப்பதைக் கண்டனர். வில்சன் கடலிலிருந்து மீட்ட இலிங்கமும் கோயிலைச் சேர்ந்தது. சைவ மக்களின் முயற்சியால் எழுந்த புதிய கோயிலுக்கு 1963-இலே குடமுழுக்கு நடைபெற்றது. இடிபட்ட ஆண்டிலிருந்து எண்ணினால் 341 ஆண்டுகள்.

கோணேசரை வழிபடச் செல்வோர் கோட்டை வாயிலைக் கடந்தே மேலே ஏற வேண்டும். அவ்வாயிலின் கல்லிலே இணைக்கயல் பொறித்திருக்கிறது. அருகே தமிழ் எழுத்துக்களும் உள்ளன. பழங்கோயிலின் கல் அது. அடியார் பலர் அதனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகலாம். பலர் பார்க்காமலும் போகலாம்.