தொலைந்த சீட்டும் சொன்ன நேரமும்

பிரான்சு அரசின் பென்ஷன் வாங்குபவர்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பிரெஞ்சு வங்கிக் கணக்கும் அட்டையும் உண்டு. அட்டை தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த வங்கிகள் ஒரே சொல்லில் சொல்லும்: 'ஒப்போசிசியோன்'. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பள்ளியில் அந்தச் சொல்லுக்குச் சொல்லிக்கொடுத்த பொருள் 'எதிர்ப்பு'. பர்ஸைப் பறிகொடுத்தவர் யாரை எதிர்ப்பது? இதற்கு விடை ஏறக்குறைய 150 ஆண்டுக்கு முந்தைய ஒரு சட்டத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பிரான்சில் வசதியுள்ள குடும்பங்கள் சேமிப்பைக் கடன் பத்திரங்களாகவும் பங்குப் பத்திரங்களாகவும் வைத்திருந்தன. பல பத்திரங்களில் உரிமையாளர் பெயரே இருக்காது. கையில் வைத்திருப்பவரே சொந்தக்காரர். 1870-71இல் பிரஷ்யாவுடன் போர், அதன் பின் பாரிஸில் கம்யூன் கிளர்ச்சி. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு, 1872 ஜூன் 15 அன்று, தொலைந்த அல்லது திருடுபோன பத்திரங்களுக்காகவே ஒரு சட்டம் வந்தது. பத்திரத்தை இழந்தவர் அதன் எண்ணைக் குறிப்பிட்டு 'ஒப்போசிசியோன்' தாக்கல் செய்யலாம். அதாவது, 'இந்தப் பத்திரத்தைக் காட்டி வேறு யார் பணம் கேட்டாலும் கொடுக்காதே, நான் ஆட்சேபிக்கிறேன்' என்று தெரிவிப்பது. அந்த எண்கள் ஒரு சிறப்பு இதழில் அச்சாகும். அப்படி அச்சாகி வெளிவந்த பிறகு அந்தப் பத்திரத்தை வாங்கியவர், விலை கொடுத்து வாங்கினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் இழந்தவருக்கு மாற்றுப் பத்திரம் கிடைக்கப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். இன்று புது அட்டை சில நாட்களில் வருகிறது.

நம் நாட்டு வணிகர்களும் இதே சிக்கலுக்கு வழி கண்டிருந்தார்கள். உண்டியல் என்றால் இன்று கோயில் காணிக்கைப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அன்று அது ஓர் ஊரில் கொடுத்த பணத்தை இன்னோர் ஊரில் வாங்க உதவிய சீட்டு. முதல் சீட்டு வழியில் தொலைந்தால் இரண்டாம் சீட்டும், அதுவும் தொலைந்தால் மூன்றாம் சீட்டும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வட இந்தியாவில் 'ஷா ஜோக்' என்று ஒரு வகை உண்டியல் உண்டு. அதற்கான பணத்தை ஊரில் மதிப்புள்ள ஒரு வணிகர் வழியாகத்தான் பெற முடியும். கண்டெடுத்தவனோ திருடியவனோ நேராக வந்து வாங்கிப் போக முடியாது. ஆங்கிலேயர் காலத்தில், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1885இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி கெடு முடியாத மாற்றுச் சீட்டைத் தொலைத்தவர், எழுதிக் கொடுத்தவரிடம் அதேபோல் இன்னொன்று கேட்கலாம். பழைய சீட்டு திரும்பக் கிடைத்து அதனால் இழப்பு வந்தால் ஈடு செய்கிறேன் என்று பிணை மட்டும் கேட்கப்பட்டால் தர வேண்டும்.

ரூபாய் நோட்டுக்கு இந்த வசதி கிடையாது. போனால் போனதுதான். அதனால் அந்நாளில் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் தபாலில் அனுப்புவார்கள். அது சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே மறு பாதி போகும்.

பணம் எடுக்கும் இயந்திரம் 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கிக் கிளையில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்ட்-பாரன். பிறந்தது நம் ஷில்லாங்கில். அதில் செருகியது பிளாஸ்டிக் அட்டை அல்ல, ஒருமுறை மட்டுமே பயன்படும் காகிதச் சீட்டு. ஒரு சீட்டுக்குப் பத்து பவுண்டு. சீட்டை இயந்திரமே வைத்துக்கொள்ளும். தொலைந்தால் நஷ்டம் அந்தப் பத்து பவுண்டோடு முடிந்தது. காந்தப் பட்டை போட்ட அட்டை வந்ததும் கதை மாறியது. ஒரே அட்டையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அது கணக்கு முழுவதற்கும் சாவி ஆயிற்று. பட்டையில் உள்ளதை நகலெடுக்கவும் முடிந்ததால், அட்டை சட்டைப்பையில் இருக்கும்போதே பணம் போனது. பிரெஞ்சுக்காரர் ரோலான் மொரேனோ 1974இல் காப்புரிமை கேட்ட சிப் இதற்கு மருந்தாக வந்தது. பிரெஞ்சு வங்கி அட்டைகள் 1992 முடிவதற்குள் அனைத்தும் சிப்புக்கு மாறின. நம் ரிசர்வ் வங்கி அதற்கு வைத்த கெடு 2018 டிசம்பர் 31.

அட்டை விஷயத்திலும் 'ஒப்போசிசியோன்' மறையவில்லை. கணினி இணைப்பு பரவாத காலத்தில் தொலைந்த அட்டைகளின் எண்களை அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பினார்கள். 1872ஆம் ஆண்டு இதழின் பேரன் என்று அதைச் சொல்லலாம். இன்று அது நொடிக் கணக்கில் நடக்கிறது. சட்டம் கேட்கும் கேள்வி மட்டும் பழையதுதான்: எப்போது சொன்னீர்கள்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைப் படித்தால் இது விளங்கும். வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் பணம் போயிருந்து, வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாட்கள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் ரூ.10,000 அவர் பொறுப்பு. அதற்கும் மேல் தாமதமானால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ரகசிய எண்ணைப் பிறரறியவிட்டது போன்ற கவனக்குறைவு இருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது முழுவதும் அவருடையது. சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போனது வங்கியுடையது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஞாயிறு சந்தையில் பர்ஸைத் தொலைத்தார். அட்டையோடு ரகசிய எண் எழுதிய துண்டுச்சீட்டும் அதில் இருந்தது. அன்று மாலையே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சென்னையில் இருக்கும் மகன், 'இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா கார்டு?' என்று கேட்பானே என்று வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம்தான் வங்கிக்குப் போனார். திங்களன்று பத்தாயிரம், செவ்வாய் காலையில் பத்தாயிரம் போயிருந்தது. விதிப்படி அவருக்கு எதுவும் திரும்பவில்லை. ஞாயிறு மாலையே சொல்லியிருந்தால் ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது. பர்ஸைத் தொலைத்ததற்கு அவர் பணம் கட்டவில்லை, கூச்சத்துக்குத்தான் கட்டினார்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். வங்கியின் இலவசத் தொலைபேசி எண்ணை வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். ரகசிய எண்ணை எங்கும் எழுதாதீர்கள். அட்டையைக் காணோம் என்றால், தேடுவதற்கு முன் தடை செய்யுங்கள். புகார் எண்ணையும் சொன்ன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணிலும் உடனே தெரிவியுங்கள். புது அட்டையில் எண் மாறும், கணக்கு எண் மாறாது. பென்ஷன் வழக்கம்போல வந்து சேரும். பழைய அட்டை பிறகு அலமாரியில் கிடைத்தால் சிப்பின் குறுக்கே கத்தரித்துப் போடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. அப்பாவோ அம்மாவோ 'கார்டைக் காணோம்' என்று போன் செய்தால், முதலில் தடை செய்ய உதவுங்கள். கோபத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அன்று திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார்கள்.