அயர்ன் மெய்டன்: ஆல்பங்களின் தரவரிசை விவாதம்

கிழக்கு லண்டனின் லேட்டன் பகுதியில் பேஸ் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் 1975இல் தொடங்கிய அயர்ன் மெய்டன், உரத்த மின்கிதார் ஒலியையும் அழுத்தமான தாளத்தையும் அடிப்படையாகக் கொண்ட ஹெவி மெட்டல் இசையின் மூத்த குழுக்களுள் ஒன்று. 1980 முதல் 2021 வரை அது வெளியிட்ட 17 ஸ்டுடியோ ஆல்பங்களை, அதாவது மேடைப் பதிவுகளும் திரட்டுகளும் நீங்கலான புதுப் பாடல் தொகுப்புகளை, வரிசைப்படுத்துவதில் ரசிகர்கள் நெடுங்காலமாக முரண்பட்டு வருகின்றனர்.

இம்முரண்பாடு பெரும்பாலும் பாடகர்களைச் சார்ந்தது. முதலிரு ஆல்பங்களில் ஒலிக்கும் பால் டியான்னோவின் கரடுமுரடான குரலுக்குத் தனி ஆதரவாளர்கள் உண்டெனினும், புரூஸ் டிக்கின்சன் சேர்ந்தபின் வெளிவந்து பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ (1982), 13 நிமிடங்களுக்கு மேல் நீளும் பாடலோடு முடியும் ‘பவர்ஸ்லேவ்’ (1984), ஒரே கதைக்கருவைத் தொடரும் ‘செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்’ (1988) ஆகியவையே உச்சியிடத்துக்கு அடிக்கடி முன்மொழியப்படுகின்றன.

பிளேஸ் பெய்லி பாடிய ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ (1995), ‘வர்ச்சுவல் லெவன்’ (1998) இரண்டும் வழக்கமாக அடியில் வைக்கப்படுகின்றன. இத்தீர்ப்பு சற்றுக் கடுமையானது. ஏனெனில் அவற்றிலுள்ள ‘சைன் ஆஃப் தி கிராஸ்’, ‘தி கிளான்ஸ்மன்’ பாடல்களை, 1999இல் திரும்பிவந்த டிக்கின்சன் மேடையில் பாடியபின் பலர் அவற்றை மறுமதிப்பீடு செய்தனர்.

மூன்று கிதார் கலைஞர்களோடு தொடங்கிய 2000க்குப் பிந்தைய காலத்தில் விவாதம் நீளத்தின் மீது திரும்பியது: 90 நிமிடங்களைத் தாண்டும் ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’ (2015) சிலருக்கு முதிர்ச்சியாகவும் சிலருக்குக் கத்தரிக்கப்படாத மிகையாகவும் படுகிறது.